மேல்வயல் தண்ணீர்

அந்த வருஷம் மழையைக் குறை சொல்ல முடியாது. பெய்ய வேண்டிய நேரத்தில் பெய்து, விட வேண்டிய நேரத்தில் விட்டது. வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. களை எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே பெரிய சாலை போடும் வேலை தொடங்கியிருந்தது. வயலில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன பெண்கள் எல்லாரும் காலையில் லாரி ஏறி அங்கே போய்விட்டார்கள். ஜல்லி சுமந்தாலும் நிமிர்ந்து நின்று சுமக்கலாமே என்றார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆள் இல்லாத சேதி முதலில் எட்டியது களைக்குத்தான் போலிருக்கிறது. நெல்லோடு நெல்லாக முளைத்து, நெல்லைப் போலவே இலை விட்டு, கிட்டப் போய்ப் பார்ப்பதற்குள் ஒரு சாண் உயர்ந்துவிட்டது. மற்றவர்கள் மருந்துத் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குள் ஒரு நடை போய்வந்தார்கள். களை சுருண்டு படுத்தது. குழுக்காரர்கள் அப்படிச் செய்ய முடியாது.

குழு என்றால், களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் யூரியா மாதிரி உப்பு உரமும் இல்லாமல் நெல் விளைவித்து, அதற்குச் சான்று வாங்குவதற்காகச் சேர்ந்த குழு. மூன்று வருஷம் மண்ணில் எதுவும் படாமல் வைத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷமும் விளைச்சல் பாதிதான், விலையும் சாதாரண விலைதான். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் சான்று கிடைக்கும். நெல்லை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள வெளியே ஒரு கம்பெனி காத்திருந்தது. இது மூன்றாவது வருஷம்.

சான்று கொடுக்க வருகிறவர் எல்லா வயலையும் மிதித்துப் பார்க்க மாட்டார். குழுவே தன் ஆள் ஒருவரை நியமித்து வயல் வயலாகச் சோதித்து வைக்க வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர் சீட்டுக் குலுக்கிப்போட்டுச் சில வயல்களை மட்டும் பார்த்து, மண்ணும் இலையும் எடுத்துப்போவார். அதில் ஒன்றில் பொய் வெளிப்பட்டாலும் குழு மொத்தமும் போச்சு, மூன்று வருஷமும் போச்சு.

அந்தச் சோதனை வேலை கண்ணாடியின் தலையில் விழுந்தது. அவனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும், யாரோடும் சண்டை கிடையாது என்று காரணம் சொன்னார்கள். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் காரணம். வயலில் இறங்கிக் குனிந்து, இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பான். அதைப் பார்த்துவிட்டு, குழுவில் இருந்த ஒத்தமாடுதான் அவனுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்தார். பூதம் உதிர்ந்து கண்ணாடி நின்றுவிட்டது. அவன் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஒத்தமாட்டுக்கும் அந்தப் பேர் சும்மா வரவில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு மாடு, அதுவும் கிழடு. குழுவில் எல்லார் வயலைவிடவும் அவர் வயலுக்குத்தான் அதிகம் சாணி உரம் போட்டதாகச் சொல்வார்.

"ஏண்ணே, பயிர் இப்படிக் கறுத்து நிக்குது. என்ன போட்டீங்க?" என்று அந்த வருஷம் கண்ணாடி கேட்டான்.

"சாணிதான்."

"அந்த ஒரு மாடு போட்ட சாணியா?"

"மாடு ஒண்ணுதாம்பா. வயிறு பெருசு."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடியும் சிரித்தான். யூரியா போட்ட பயிர் எப்படிக் கறுக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டால் அவன் பார்க்கவில்லை. சாணி உரம் என்றே குறித்துக்கொண்டு நகர்ந்தான்.

குழுத் தலைவர் வயலிலும் அப்படித்தான். வாய்க்காலை ஒட்டி விரித்த பாய் போல அகலமாகக் கிடக்கிற வயல். அதில் களை என்று ஒரு புல்கூட இல்லை. வரப்போரம் காய்ந்த புல் அங்கங்கே சருகாகக் கிடந்தது.

"ஆள் எங்கேருந்து பிடிச்சீங்க?" என்றான்.

"வெளியூர் ஆளுங்க. ரெண்டு நாள்ல எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றார் தலைவர். அவன் பார்வை வரப்புக்குப் போனதைக் கவனித்துவிட்டு, "வெயில்ல கருகிடுச்சு," என்றார். பிறகு தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இந்த வருஷம் மட்டும் தாண்டிட்டா போதும்பா. அப்புறம் நம்ம எல்லாருக்கும் விடிஞ்சிரும். நீதான் பாத்துக்கணும்," என்றார்.

பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். அவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டு வந்தான்.

இதைச் சொல்வதால் குழுவே பித்தலாட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. வாத்துக்காரி இருந்தாள். வாத்துகளை ஓட்டிவந்து வயலில் விட்டு, அவை தின்னாமல் விட்ட களையை அவளும் அவள் மகளும் தவழ்ந்து தவழ்ந்து எடுத்தார்கள். அவள் கைவிரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அவளைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். அவர்களை நினைத்தால்தான் கண்ணாடிக்கு இந்த வேலையில் கொஞ்சம் மரியாதை இருப்பதாகத் தோன்றும்.

அக்கா வயலைக் கடைசியில் வைத்துக்கொண்டான். சொந்த வயலைப் பார்ப்பது மாதிரிதானே, என்ன அவசரம் என்று. அப்பா நிலத்தைப் பிரித்தபோது மேல்வயல் அக்காவுக்கும் கீழ்வயல் அவனுக்கும் வந்தது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் முதலில் மேல்வயலுக்குப் போய், அங்கே நிறைந்து, நடு வரப்பில் உள்ள மடை வழியாகக் கீழ்வயலுக்கு இறங்கும். அக்காவைக் குழுவுக்குள் இழுத்துவந்ததே அந்த மடைதான். மேலே மருந்து அடித்தால் கீழே சான்று கிடையாது என்றார்கள். அக்காவுக்கு இதில் நம்பிக்கை இல்லை.

"எனக்கு இதெல்லாம் ஒத்து வராதுடா. உங்க மாமாவுக்கு மண்வெட்டி பிடிக்கவே உடம்பு வணங்காது. வேலையெல்லாம் என் தலையில வரும்," என்றாள் அப்போது.

"நான் இருக்கேன்ல."

"நீ இருப்பே. உன் வயல்ல இருப்பே."

அப்புறம், தம்பி கேட்டுவிட்டானே என்று கைநாட்டு வைத்தாள். அவ்வளவுதான் அவள் சேர்ந்த கதை.

அந்த வருஷம் நடவு முடிந்த கையோடு மாமா வைக்கோல் லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். கண்ணாடி போனபோது அக்கா அவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். அறையில் தைல நெடி. ஜன்னல் கம்பியில் ஈரத்துணிகள் தொங்கின.

"வாப்பா சோதனை," என்றார் மாமா. "முதல்ல என்னைச் சோதிச்சுச் சொல்லு. நான் இயற்கையா செயற்கையா? டாக்டர் உள்ளே இரும்புக் கம்பி வச்சிருக்கார்."

"உங்களுக்குச் சான்று கிடைக்காது மாமா."

"பாத்தியாடி, உன் தம்பி கறாரான ஆளு."

அக்கா சிரிக்கவில்லை. "கஞ்சி குடிச்சிட்டு வா, வயலுக்குப் போகலாம்," என்றாள். கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்தாள். அவள் வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே விரல் வீங்கி ஊதா நிறத்தில் இருந்தது.

வயலுக்குப் போகும் வழியில் அக்கா முன்னால் வேகமாக நடந்தாள். மேல்வயலின் முதல் பாதியில் பயிருக்கு மேல் களை நின்றது. இரண்டாம் பாதி, பள்ளமாக இருக்கும் துண்டு, சுத்தமாக இருந்தது. அங்கே பயிர் லேசாக மஞ்சளோடி, அடியில் களையெல்லாம் வெந்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தது. பூதக்கண்ணாடி தேவையில்லை. சும்மா பார்த்தாலே தெரிந்தது.

கண்ணாடி வரப்பிலேயே நின்றுவிட்டான்.

"அடிச்சேண்டா," என்றாள் அக்கா.

"எப்போ?"

"போன வாரம். நீ சந்தைக்குப் போயிருந்தியே, அன்னிக்கு."

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டே?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? விடியறதுக்கு முன்னாடி வந்து குனிஞ்சா, வெயில் ஏறினா அந்த மனுஷனைப் புரட்டிப் போட ஓடணும். திரும்பி வந்தா காலையில எடுத்த இடத்துல மறுபடி பச்சை தெரியுது. ஆள் கேட்டு வீடு வீடாப் போனேன். ஒருத்தி வரல. விரல் சீழ் பிடிச்சு ராத்திரியெல்லாம் தெறிச்சுது. ஒரு நாள் சேத்துலயே உக்காந்து அழுதேன். அழுதா களை போகுமா? உரக்கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து அடிச்சிட்டேன். பள்ளத் துண்டு மட்டும்தான். மீதிக்கு மனசு வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. ஆள் வரலடான்னு சொன்னேன். பாக்கலாம்க்கான்னே. நீ அடுத்தவங்க வயலைப் பாத்துட்டிருந்தே."

அது உண்மை. நடு வரப்பு மடை அடைத்திருந்ததைப் பார்த்தான். மருந்து அடிப்பதற்கு முன்னால் அவளே மண் போட்டு அடைத்து, மேலே கல்லும் வைத்திருந்தாள்.

"உன் வயலுக்கு ஒரு சொட்டு இறங்கல," என்றாள். "தண்ணியை அந்தாண்டை வடிகாலுக்குத் திருப்பிட்டேன்."

"இப்ப ஏன்க்கா என்கிட்ட சொன்னே? மாடு வாய் வச்சிருச்சு, பூச்சி விழுந்துருச்சுன்னு ஏதாவது சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உன்கிட்ட நான் பொய் சொல்லணுமாடா?"

அவன் வரப்பில் குந்தி உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள். வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன், பள்ளத் துண்டை மட்டும் குழுவிலிருந்து விலக்கிவிடலாம், மீதி அப்படியே இருக்கட்டும், தானே கூட்டத்தில் எடுத்துச் சொல்கிறேன் என்றான். தெரியாமல் செய்துவிட்டாள், வீட்டில் அவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்றான்.

"விட்டுடேண்டா. என்னை விலக்கிடு. மொத்தமா போயிடறேன்."

"மூணு வருஷம் பாதி விளைச்சல் எடுத்தது வீணாப் போகணுமா? நான் பாத்துக்கறேன்க்கா."

"உங்க மாமாவுக்குத் தெரியக் கூடாது. தன்னாலதான்னு உருகிடுவாரு."

"தெரியாது."

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்வதை நிறுத்தவில்லை.

"எதுக்குக் கூட்டத்துல சொல்றீங்க?"

"சீட்டுல அந்த வயல் விழுந்துட்டா? மண்ணை எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிடும். எல்லாரும் போயிடுவோம்."

"தலைவர் வயல் விழுந்தா?"

அவன் தரையில் கிடந்த ஒரு கீரை இலையை எடுத்துப் புரட்டினான்.

"அங்கே டீ குடிச்சிட்டு வாயத் துடைச்சிட்டு வந்தீங்க. அண்ணி வீட்டுல கஞ்சி குடிச்சீங்க. டீக்கு ஒரு நியாயம், கஞ்சிக்கு ஒரு நியாயமா?"

"அவங்க ஒத்துக்கல. நான் கண்ணால பாக்கல. இவ வாயால சொல்லிட்டா. தெரிஞ்சதுக்கப்புறம் எப்படி மறைக்கிறது?"

"சரிதான். பொய் சொன்னவங்களை விட்டுடலாம். உண்மையைச் சொன்னவங்களை விட முடியாது. நல்லாத்தான் இருக்கு உங்க சோதனை." கீரைத்தண்டை ஒடித்தாள். "நம்ம பொண்ணு பிறந்தப்ப எங்கம்மாகூட வரல. என் பக்கத்துல உக்காந்திருந்தது அவங்கதான். அதை மட்டும் மறந்துடாதீங்க."

"பள்ளத் துண்டை மட்டும்தானே சொல்லப்போறேன்."

"நீங்க சொல்றது உங்க கையில. அவங்க கேக்கறது உங்க கையிலயா?"

கூட்டம் நெல் கிடங்கில் நடந்தது. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் கிடங்கு காலியாகக் கிடந்து, பேசினால் எதிரொலித்தது. ஆண்கள் அடுக்கிவைத்த காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கதவோரம். அக்கா கடைசியாக வந்து வாத்துக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குளித்து, நல்ல புடவை கட்டி, விரல் துணியை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

கண்ணாடி எழுந்து ஒவ்வொரு வயலாகச் சொன்னான். எல்லாம் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் மேல்வயலுக்கு வந்தபோது நிறுத்தினான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான். மாமா விழுந்தது, ஆள் கிடைக்காதது, விரல், எல்லாவற்றையும் முன்னால் சொல்லிவிட்டு, மருந்தைக் கடைசியில் சொன்னான். ஆனால் கேட்டவர்கள் காதில் மருந்துதான் முதலில் விழுந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மூணு வருஷம் நாங்க வயித்தைக் கட்டினது இதுக்கா?"

"ஒரு ஆளால எல்லார் வாயிலும் மண்ணா?"

வாத்துக்காரி அக்காவின் பக்கத்திலிருந்து எழுந்து நின்றுகொண்டாள். "என் விரலைப் பாருங்க," என்றாள். அழுதேவிட்டாள். "எனக்கு மட்டும் நோவாதா? எனக்கு மட்டும் உரக்கடைக்கு வழி தெரியாதா?"

அவளுக்கு அந்தக் கோபம் தகும். ஆனால் அவளைவிடச் சத்தமாகக் கத்தியது ஒத்தமாடு. "இயற்கைங்கறது விளையாட்டா? மண்ணுங்கறது நம்ம தாய் மாதிரி. அதுல விஷத்தை ஊத்த எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கண்ணாடி, பள்ளத் துண்டை மட்டும் விலக்கலாமே என்று ஆரம்பித்தான். தலைவர் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார்.

"விதி என்ன சொல்லுது? தெரிஞ்சே அடிச்சா ஆள் வெளியே. துண்டுக் கணக்கெல்லாம் கிடையாது. நாளைக்கு ஆளாளுக்கு ஒரு துண்டைக் காட்டிட்டு வருவாங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி." பிறகு கண்ணாடியின் பக்கம் திரும்பினார். "ஆனா இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். சொந்த அக்கான்னும் பாக்காம எழுந்து நின்னு சொன்னான் பாருங்க, இவன்தான்யா மனுஷன். இவன் ஒருத்தன் இருக்கற வரைக்கும் இந்தக் குழுவை யாரும் அசைக்க முடியாது."

கைதட்டினார்கள். காலிக் கிடங்கில் அது கல்மழை பெய்தது போல ஒலித்தது. கண்ணாடி தரையைப் பார்த்தான்.

அக்கா எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆமா, அடிச்சேன்," என்றாள். "கேக்காமலே சொன்னேன். நான் போறேன், அதுல ஒண்ணுமில்ல. போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். வேற யார் வயல்லயும் எதுவும் படலயே?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து தம்பி முகத்தில் நிறுத்தினாள். "நீதானே எல்லா வயலும் பாத்தே. சொல்லுடா."

அவனுக்குக் கறுத்து நின்ற பயிரும் வரப்போரத்துச் சருகும் கண்முன் வந்தன. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையில் குழு உடையும், சான்று போகும், வாத்துக்காரியின் மூன்று வருஷம் போகும், அவன் கீழ்வயலின் மூன்று வருஷமும் போகும். வாத்துக்காரியைத்தான் முதலில் நினைத்தேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அந்த நேரத்தில் நினைத்தது கீழ்வயலை.

"மத்ததெல்லாம் சரியா இருக்குக்கா," என்றான்.

அக்கா தலையை ஆட்டினாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனான். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மாமா கட்டிலில் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவன் குரல் கேட்டதும் நின்றது.

"உட்காரு," என்றார் மாமா.

"அக்கா..."

"வேலையா இருக்கா."

"மாமா, நான் பள்ளத் துண்டை மட்டும்தான்..."

"தெரியும். ஊர்ல ஒருத்தர் விடாம வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் படுத்ததுலேருந்து எட்டிப் பாக்காதவங்ககூட நேத்து வந்து உக்காந்து, எலுமிச்சம்பழம் குடுத்துட்டு, கதையைச் சொல்லிட்டுப் போறாங்க." அவர் திரும்ப முயன்று, முடியாமல் பல்லைக் கடித்தார். கண்ணாடி தூக்கிவிடப் போனான். "வேண்டாம், அவ வருவா," என்றார்.

மறுபடி விட்டத்தைப் பார்த்தார்.

"நான் விழுந்தப்ப கீழே நாலு பேர் நின்னாங்கப்பா. கை நீட்டல. திடீர்னு விழுந்துட்டேன், அவங்க என்ன பண்ணுவாங்க? உங்க அக்கா அப்படி விழல. உன் கையைப் பிடிச்சிட்டுத்தான் நின்னா."

பின்கட்டில் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது. அவன் கொண்டுபோயிருந்த பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டு எழுந்தான்.

அக்கா குழுவுக்கு வெளியே போனதும் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. மேல்வயல் இனிமேல் குழு வயல் இல்லை. அதிலிருந்து கீழ்வயலுக்குத் தண்ணீர் இறங்கக் கூடாது. நடு வரப்பை உயர்த்தி, அகலப்படுத்தி, மடையை நிரந்தரமாக அடைத்து, வாய்க்காலிலிருந்து கீழ்வயலுக்குத் தனியாக ஒரு கிளை வாய்க்கால் வெட்டிக்கொள்ள வேண்டும் என்றார் தலைவர். சான்றுக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். கண்ணாடி தன் வயலின் ஓரத்தில் ஒரு பட்டை நிலத்தை விட்டுக்கொடுத்துக் கிளை வாய்க்கால் வெட்டத் தொடங்கினான். மண் நெகிழ்வாக இருந்தது. வேலை லேசாகத்தான் ஓடியது. பாதி வெட்டியதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். இந்தக் கிளை வாய்க்காலை மூன்று வருஷம் முன்னாலேயே வெட்டியிருக்கலாம். ஒரு பட்டை நிலம்தான் போயிருக்கும். அக்கா பாட்டுக்கு அவள் வயலில் அவளுக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டு இருந்திருப்பாள். ஒரு பட்டை நிலத்தை விட மனசு வராமல்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறான்.

நடு வரப்புக்கு மண் அணைக்கும்போது மேல்வயல் பக்கம் அக்கா வந்தாள். கையில் மண்வெட்டி. அவள் ஏதாவது சொல்வாள் என்று அவன் நின்றான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, தன் பக்கத்திலிருந்து மண்ணை வெட்டி வரப்பில் அறைந்தாள். விரலில் துணி இல்லை; நகம் விழுந்து தோல் வெள்ளையாக மூடியிருந்தது. மடை இருந்த இடத்தில் இரண்டு பேரும் எதிரெதிராக நின்று மண் போட்டார்கள். அவள் வேகமாகப் போட்டாள். அவன் பக்கம் இன்னும் அரைகுறையாக இருக்கும்போதே அவள் பக்கம் முடிந்துவிட்டது. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

சான்று கொடுக்க நகரத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். முழங்கால் வரை ரப்பர் காலணி, தலையில் தொப்பி, மரியாதையான பேச்சு. சீட்டுக் குலுக்கியதில் வாத்துக்காரி வயலும் கண்ணாடியின் கீழ்வயலும் இன்னும் இரண்டு நல்ல வயல்களும் விழுந்தன. தலைவர் வயல் விழவில்லை. ஒத்தமாடு வயலும் விழவில்லை. சீட்டை அவர்கள் என்னவோ செய்தார்கள் என்று சொல்ல முடியாது; அது அப்படி விழுந்தது, அவ்வளவுதான்.

வாத்துக்காரியின் வயலில் அந்தப் பெண் வெகுநேரம் நின்று வாத்துகளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கீழ்வயலுக்கு வந்தாள். தலைவர் உடன் வந்தார். புதிதாக வெட்டிய கிளை வாய்க்காலையும் உயர்த்திய வரப்பையும் பார்த்து, "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க," என்றாள். வரப்பைப் படம் எடுத்துக்கொண்டாள்.

மேல்வயலில் அக்கா, கதிர் முற்றாத பயிருக்கு நடுவே நின்று, மிஞ்சியிருந்த களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த வயல் யாரோடது? குழுவா?"

"இல்லைங்க. குழுவுல இல்ல," என்றார் தலைவர்.

"பக்கத்துல இருக்கே, அதான் கேட்டேன். உங்க குடும்பமா?" என்று அவள் கண்ணாடியைக் கேட்டாள்.

ஆமாம் என்றால் அடுத்தடுத்துக் கேள்வி வரும். ஒரே தெளிப்பானா, ஒரே களமா, அவர்கள் நெல் உங்கள் நெல்லோடு கலக்காதா, ஏன் குழுவில் இல்லை, எப்போது போனார்கள், எதனால் போனார்கள். முந்தின நாளே தலைவர் அவன் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி மேல்வயலைப் பார்த்தான். பேசுவது காதில் விழுகிற தூரம்தான். அக்கா நிமிரவில்லை. ஆனால் கை நின்றிருந்தது.

"பக்கத்து வயல்காரங்க," என்றான்.

"உறவெல்லாம் இல்லையே?"

"இல்லைங்க."

அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். பிறகு நல்லெண்ணத்தோடு குரலை உயர்த்தி, "அம்மா, நீங்களும் இவங்க குழுவுல சேர்ந்துடலாமே. பக்கத்துலயே எவ்வளவு சுத்தமா பண்றாங்க பாருங்க. கேட்டா சொல்லித்தருவாங்க," என்றாள்.

அக்கா நிமிர்ந்தாள். இடுப்பில் கையை வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"எங்களுக்கு அவ்வளவு சுத்தம் வராதுங்க," என்றாள்.

அந்தப் பெண் சிரித்தாள். தலைவர் அதைவிடச் சத்தமாகச் சிரித்து, "வாங்கம்மா, வெயில் ஏறுது," என்று அவளை அழைத்துக்கொண்டு போனார். போகும்போது திரும்பிக் கண்ணாடியைப் பார்த்துத் தலையசைத்தார். சான்று வந்த மாதிரிதான் என்று அதற்கு அர்த்தம். பிற்பாடு வரவும் வந்தது.

கண்ணாடி அவர்களோடு போகவில்லை. வரப்பின் மேலேறி நின்றான். கழுத்தில் வேர்வை வழிந்தது. அக்கா பிடுங்கிய களைகளைக் கட்டாகக் கட்டி எறிந்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவன் நின்ற பக்கமாக வந்தாள்.

"அக்கா," என்றான்.

அவள் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். கோபமாகத் தெரியவில்லை. கடைத்தெருவில் வழி கேட்கிறவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "நீங்க நிக்கறது எங்க பக்கம்."

அவன் குனிந்து பார்த்தான். கால் அவள் அணைத்த மண்ணின் மேல்தான் இருந்தது. காலை எடுத்துத் தன் பக்கம் வைத்தான். அவன் மிதித்துப் பிதுங்கியிருந்த மண்ணை அவள் மண்வெட்டியால் வாரி, தட்டிச் சமப்படுத்திவிட்டு, வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிடப் போனாள்.